டீச்சரிடம் கேளுங்கள்: அல்பினோ ஜோடிக்குக் கறுப்புப் பட்டைக் குஞ்சு

போன இதழில், "பன்னட் கட்டம் போடத் தெரிந்தவர் குஞ்சின் நிறத்தை முட்டையிலேயே சொல்லிவிடலாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கைமேல் பலன் கிடைத்தது. "சொன்னீர்களே, நடக்கவில்லையே" என்று வரிசையாகக் கடிதங்கள். அப்பா, அம்மா தரும் மரபணு எழுத்துகளை இரண்டு ஓரத்திலும் எழுதி, பிள்ளைக்கு என்ன வரலாம் என்று அறை அறையாகப் பார்க்கும் அந்தக் கட்டத்தை 26 ஆண்டுகள் கரும்பலகையில் போட்டவள் நான். 11 ஆண்டுகளாக வீட்டில் லெப்பர்ட் ஜெக்கோ என்ற பல்லியை வளர்க்கிறேன். கரும்பலகையில் ஒருநாளும் பிசகாத கட்டம் வீட்டில் பலமுறை என் மூக்கை உடைத்திருக்கிறது. பிறகு உட்கார்ந்து தேடிப் பார்த்தால், கட்டத்தில் பிழை இருக்காது. அதன் ஓரத்தில் நான் எழுதிய எழுத்தில் இருக்கும். சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

கேள்வி: டீச்சர், என்னுடைய ஆண் லெப்பர்ட் ஜெக்கோ, ட்ரெம்பர் அல்பினோ. பெண்ணை வேறொருவரிடம் வாங்கினேன். அதுவும் அல்பினோதான், உடம்பில் பொட்டுக் கறுப்பு கிடையாது. அல்பினோ ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும் என்றால், இந்த ஜோடிக்குப் பிறக்கும் எல்லாக் குஞ்சுகளும் அல்பினோவாகத்தானே இருக்க வேண்டும்? 4 முட்டைகள் பொரிந்தன. நான்கும் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக, சாதாரணக் குஞ்சுகள். விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றியதாகத் தெரியவில்லை. வாங்கும்போது ஒரு கேள்வியை நீங்கள் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்: "எந்த அல்பினோ?"

லெப்பர்ட் ஜெக்கோவில் அல்பினோ என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனி மரபுகள் இருக்கின்றன. ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர். மூன்றும் ஒடுங்கு பண்புகளே. ஆனால் மூன்றிலும் பழுதுபட்டிருப்பது ஒரே மரபணு அல்ல.

ஒரு சாயப்பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாயம் கரைக்கிறார், இன்னொருவர் நூலை அதில் முக்கி எடுக்கிறார். கரைப்பவர் வேலைக்கு வராவிட்டாலும் நூல் வெளுப்பாகத்தான் வெளியே வரும். முக்குபவர் வராவிட்டாலும் அப்படியே. வாசலில் நின்று நூலை மட்டும் பார்ப்பவருக்கு இன்று யார் வரவில்லை என்று தெரியாது. உங்கள் ஆணின் பட்டறையில் கரைப்பவர் இல்லை, முக்குபவர் இருக்கிறார். பெண்ணிடம் முக்குபவர் இல்லை, கரைப்பவர் இருக்கிறார். குஞ்சு ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதியும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதியும் வாங்கிக்கொள்கிறது. அப்பா முக்குபவரைத் தருகிறார், அம்மா கரைப்பவரைத் தருகிறாள். பட்டறை ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கறுப்புப் பட்டை.

நீங்கள் கட்டத்தின் இரு ஓரத்திலும் ஒரே சிற்றெழுத்தை எழுதியிருப்பீர்கள். எழுத வேண்டியது இரண்டு வெவ்வேறு எழுத்துகள். ஆகவே உங்கள் பெண் பெல்லாகவோ ரெயின்வாட்டராகவோ இருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால், மரபு உறுதியாகத் தெரிந்த ஒரு பெல் ஆணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குஞ்சாவது அல்பினோவாக வந்தால் அவள் பெல். கண்ணின் சாயலைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன் என்று வருகிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த நான்கு குஞ்சுகளும் வெளித்தோற்றத்தில் சாதாரணம். உள்ளே இரண்டு அல்பினோ மரபுகளையும் ஒவ்வொரு பிரதி சுமப்பவை. இவற்றைத் தமக்குள் சேர்த்தால் வருவதுதான் பெரிய குழப்பம். 16 பங்கில் 9 பங்கு கறுப்போடு பிறக்கும், 7 பங்கு அல்பினோவாகப் பிறக்கும். அந்த 7இல் 3 ட்ரெம்பர், 3 மற்ற மரபு, 1 இரண்டும். ஏழையும் ஒரு தட்டில் வைத்து, "எது எது?" என்று கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஒருவர் உங்களைப் போலவே எனக்குக் கடிதம் எழுதுவார். ஆகவே இந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள். குஞ்சுகளை யாருக்காவது கொடுத்தால் "சாதாரணம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், அது பாதிப் பொய்.

கறுப்புப் பட்டைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

கேள்வி: என் ஜோடி இரண்டுமே ட்ரெம்பர் அல்பினோவுக்கு 'ஹெட்'. அதாவது, பார்க்கச் சாதாரணம், உள்ளே ஒரு பிரதி. நாலுக்கு ஒன்று அல்பினோ என்று கணக்கு. 8 முட்டை பொரிந்துவிட்டது, ஒன்றுகூட அல்பினோ இல்லை. கணக்குப்படி இரண்டு வந்திருக்க வேண்டாமா?

பதில்: வந்திருக்கலாம். வந்தே தீர வேண்டும் என்று எந்த முட்டைக்கும் கட்டாயம் இல்லை. பக்கத்து முட்டையில் என்ன நடந்தது என்று எந்த முட்டைக்கும் தெரியாது.

இரண்டு நாணயங்களை ஒன்றாகச் சுண்டுங்கள். இரண்டிலும் பூ விழுந்தால் அல்பினோ. 8 முறை சுண்டி ஒருமுறைகூட இரட்டைப் பூ விழாமல் போகும் வாய்ப்பு, முக்காலை எட்டு முறை பெருக்கினால் வரும்: ஏறக்குறைய 10 சதவீதம். அதாவது, உங்களைப் போல 8 முட்டை எடுத்த பத்துப் பேரில் ஒருவர் உங்களைப் போலவே நொந்துகொண்டிருப்பார். 16 முட்டையிலும் வராவிட்டால் வாய்ப்பு 1 சதவீதத்துக்கு வந்துவிடும். அப்போது 'ஹெட்' என்று சொல்லிக் கொடுத்தவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாடப்புத்தகத்தில் 3க்கு 1 என்று அச்சுக்கோத்தாற்போல் இருப்பதற்குக் காரணம், மெண்டல் எண்ணிய எண்ணிக்கை. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. பட்டாணி அள்ளிக் கொடுத்தது. லெப்பர்ட் ஜெக்கோ ஒரு ஈட்டுக்கு இரண்டே முட்டைதான் இடும். மெண்டல் பல்லி வளர்த்திருந்தால் மரபியலே பிறந்திருக்காது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

கேள்வி: மேக் ஸ்நோ என்ற நிறவகை லெப்பர்ட் ஜெக்கோ இரண்டைச் சேர்த்தேன். ஒரு குஞ்சு மட்டும் பட்டையே இல்லாமல் சாம்பல் நிறத்தில், கண் முழுக்கக் கறுப்பாகப் பிறந்திருக்கிறது. நோயா?

பதில்: நோய் இல்லை, சூப்பர் ஸ்நோ. மேக் ஸ்நோ முழுமையற்ற ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தால் குஞ்சு மஞ்சளுக்குப் பதில் வெள்ளைப் பட்டையோடு பிறக்கும். இரண்டு பிரதி இருந்தால் நீங்கள் பார்ப்பது. வளர வளர வெண்மையில் கறும்புள்ளிகள் தெரியும். ஒளிந்து சுமப்பவை என்று இதில் எதுவும் கிடையாது. எத்தனை பிரதி என்பதை உடம்பே சொல்லிவிடும். கணக்குப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கேள்வி: செக்கச்செவேலென்று இரண்டு டேஞ்சரின் ஜோடி சேர்த்தேன். குஞ்சுகள் மங்கலான மஞ்சள். கட்டத்தை எப்படிப் போடுவது?

பதில்: போடாதீர்கள். டேஞ்சரின் ஒரு மரபணுவின் வேலை அல்ல, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது. மனிதரின் உயரத்தைப் போல. உயரமான பெற்றோருக்கு உயரமான பிள்ளைகள் பிறப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம், அங்குலம் சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல நிறமுள்ளவற்றைத் தேர்ந்து வளர்ப்பது ஒன்றே வழி.

அதோடு, அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தை நீங்கள் எழுதவில்லை. லெப்பர்ட் ஜெக்கோவில் ஆணா பெண்ணா என்பதை வெப்பம் முடிவு செய்கிறது: 26 டிகிரி செல்சியஸில் பெண்கள், 32.5ஐ ஒட்டிப் பெரும்பாலும் ஆண்கள், அதற்கும் மேலே போனால் மீண்டும் பெண்கள். நிறத்திலும் வெப்பத்துக்குப் பங்குண்டு. தணிந்த வெப்பத்தில் வைத்த முட்டையிலிருந்து வருபவை அடர்ந்து கருமை தட்டியிருக்கும். மிதமான சூட்டில் வந்தவை பளிச்சென்று இருக்கும். ட்ரெம்பர் அல்பினோ முட்டையைக் குளிர்ச்சியாக வைத்தால் குஞ்சு சாக்லேட் பழுப்பில்கூட வரும். மரபணு அதேதான். இன்னொன்று, டேஞ்சரின் குஞ்சுகளின் நிறத்தைப் பொரிந்த வாரத்தில் எடை போடாதீர்கள். பல மாதங்கள் கழித்துத்தான் செம்மை ஏறும்.

கேள்வி: லெமன் ஃப்ராஸ்ட் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். என்னிடம் உள்ள பெண்ணோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகளுக்கு அந்த நிறம் வரும் என்கிறார்கள். கணக்குச் சரியா?

பதில்: கணக்குச் சரி. காரியம் சரியில்லை.

அந்த நிறத்தின் அழகை நான் மறுக்கவில்லை. பனி படிந்த எலுமிச்சை போல மின்னும். மின்னுவதன் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தோலில் ஒளியைத் திருப்பி வீசும் வெண்நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. லெமன் ஃப்ராஸ்டில் அவை அளவுக்கு மிஞ்சிப் பெருகுகின்றன. பெருகுவதை நிறுத்தத் தெரியாத உயிரணுவுக்கு என்ன பெயர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த நிறம் கொண்டவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முதல் 5 ஆண்டுகளுக்குள் வெள்ளைக் கட்டிகள் கண்டிருக்கின்றன. ஸ்பின்ட்1 என்ற மரபணு இருக்கும் இடத்தை அவர்கள் சுட்டினார்கள். அதே மரபணுவுக்கும் மனிதரின் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கும் தொடர்பு உண்டு. நன்றாகப் பராமரிக்கப்படும் லெப்பர்ட் ஜெக்கோ 15, 20 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

"நல்ல இரத்தத்தோடு கலந்துகொண்டே போனால் கட்டி போய்விடும், நிறம் மட்டும் தங்கும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நிறமும் கட்டியும் ஒரே நாணயத்தின் பூவும் தலையும். பூவை மட்டும் வைத்துக்கொண்டு தலையைச் செலவழிக்க முடியாது.

எனிக்மாவும் இந்த வகைதான். அது ஓங்கு பண்பு, ஒரு பிரதி போதும். புள்ளிக்கோலம் கலைந்து அழகாக இருக்கும். ஒரு தோழி வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. புழுவைக் குறிவைத்துப் பாயும். இரண்டு விரற்கடை தள்ளி மணலைக் கவ்வும். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். தோழி அதைக் கையில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. இவற்றை எல்லாம் இனவிருத்தி செய்யாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அன்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: கிரெஸ்டெட் ஜெக்கோ என்ற வேறு பல்லி இனத்தில் லில்லி ஒயிட் நிறவகை இரண்டைச் சேர்த்தால் சூப்பர் லில்லி ஒயிட் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இரண்டு பிரதி சேர்ந்த கரு பிழைப்பதில்லை. முட்டையிலேயோ பொரிந்த கையோடேயோ போய்விடும். நாலில் ஒன்று இப்படிக் கழிந்துபோவதால், மீதியில் லில்லி ஒயிட்டுக்கும் சாதாரணத்துக்கும் விகிதம் 2க்கு 1 ஆக நிற்கும். 1905இல் மஞ்சள் எலிகளில் இதே 2க்கு 1ஐப் பார்த்துத்தான் பிரெஞ்சு அறிஞர் கேனோ தலையைச் சொறிந்தார். இன்று தெரிந்தே செய்ய நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு லில்லி ஒயிட்டைச் சாதாரணத்தோடு சேருங்கள். பாதிக்குப் பாதி வரும், ஒரு முட்டையும் வீணாகாது. நியூ கலிடோனியாவில் அற்றுப்போய்விட்டது என்று நம்பப்பட்டு 1994இல் திரும்பக் கிடைத்த இனம் இது. அதன் முட்டையைத் தெரிந்தே பாழாக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: டீச்சர், நான் 11ஆம் வகுப்பு மாணவன். எனக்குக் கிடைத்த பெண் லெப்பர்ட் ஜெக்கோவின் சீட்டில் "66% ஹெட் ட்ரெம்பர்" என்று இருக்கிறது. அப்படியென்றால் அதன் மரபணுவில் 66 சதவீதம் அல்பினோவா? இதை எப்படி உறுதி செய்வது?

பதில்: தம்பி, நல்ல கேள்வி. விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதன் பதில் தெரியாது.

உன் பல்லியிடம் அந்தப் பிரதி இருக்கிறது, அல்லது இல்லை. முக்கால், அரைக்கால் என்று எதுவும் கிடையாது. அதன் அப்பாவும் அம்மாவும் 'ஹெட்'. கட்டத்தைப் போட்டுப் பார்: நாலு அறை. ஓர் அறை அல்பினோ. உன் பல்லி அல்பினோ இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அந்த அறையை அடித்துவிடு. மீதி மூன்று அறையில் இரண்டு சுமப்பவை. மூன்றில் இரண்டு, 66 சதவீதம். நமக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு அது.

உறுதி செய்ய, அதை ஒரு ட்ரெம்பர் அல்பினோ ஆணோடு சேர்க்க வேண்டும். பாடத்தில் சோதனைக் கலப்பு என்று படித்திருப்பாய். ஒரே ஓர் அல்பினோ குஞ்சு பிறந்தாலும் தீர்ந்தது, அவள் சுமக்கிறாள். பிறக்காவிட்டால் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். சுமக்கிறவளாக இருந்தால் ஒவ்வொரு முட்டையிலும் சாதாரணக் குஞ்சு வர பாதி வாய்ப்பு; ஆறும் சாதாரணமாக வர 64இல் ஒன்று. சுமக்காதவளுக்கு ஆறும் சாதாரணமாகத்தான் வரும். தொடக்கத்தில் 2க்கு 1 என்று இருந்த நிலை, ஆறு குஞ்சுக்குப் பிறகு 2க்கு 64, அதாவது அவள் சுமக்க 33இல் ஒரு வாய்ப்பு என்று இறங்கிவிடும். நீயே ஒருமுறை போட்டுப் பார்.

நானும் போட்டேன். மிளகு என்று ஒரு பெண் வைத்திருக்கிறேன். வளர்ந்த பிறகு வாங்கியது, உன்னுடையதைப் போலவே 66 சதவீதம். என் ட்ரெம்பர் ஆணோடு சேர்த்தேன். மூன்று ஈடு, ஆறு குஞ்சு, ஆறும் கறுப்புப் பட்டை. 33இல் ஒன்று என்று கணக்குப் போட்டு, நோட்டில் சிவப்பு மையால் "மிளகு: இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆசிரியப் புத்தி. அப்பா அல்பினோ என்பதால் ஆறு குஞ்சுகளும் கட்டாயம் ஒரு பிரதி சுமக்கும். ஆகவே ஆறு சீட்டிலும் "100% ஹெட் ட்ரெம்பர்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாலாவது ஈட்டில் இரண்டு முட்டை. மேல்பக்கம் பென்சிலால் தேதி போட்டு, புரண்டுவிடாமல் பெட்டியில் வைத்தேன். ஒன்று பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. மற்றதில் 54ஆம் நாள் விடியற்காலை தோல் போன்ற ஓட்டில் ஒரு கீறல், அதிலிருந்து ஒரு மூக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குஞ்சு முழுதாக வெளியே வந்து விழுந்தது. வெளிர்மஞ்சளில் இளஞ்சிவப்புப் பழுப்புப் பட்டை. கறுப்பு எங்கும் இல்லை. வால் நுனிவரை பார்த்துவிட்டேன்.

33இல் ஒன்று நடக்கக்கூடாதது இல்லை என்று முதலில் தேற்றிக்கொண்டேன். பிறகு ஏதோ உறுத்தி, மிளகை விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "உங்களிடம் தருவதற்கு முன்னால் ஒரு பதினைந்து நாள் ஆணோடுதான் இருந்தது, அதனால் என்ன?" என்றார். அந்த ஆண் என்ன நிறம் என்று கேட்டேன். "சாதாரணம்தான்."

அதனால் என்ன என்றால், தம்பி, லெப்பர்ட் ஜெக்கோ பெண் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுவை உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு, பல ஈடுகளுக்கு அதையே பயன்படுத்தக்கூடியது. என் ஆறு குஞ்சுகளில் எத்தனைக்கு என் ஆண் அப்பா, எத்தனைக்கு அந்த முகம் தெரியாத ஆண் அப்பா என்று எனக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் இன்னொரு காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். அந்த ஆணின் குஞ்சுகளாக இருந்தால் அவை பிரதி சுமக்க வாய்ப்பு பாதிதான். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது 100.

ஆகவே உன் பெண்ணைச் சோதிக்கும் முன், அது இதற்கு முன் ஆணோடு இருந்ததா என்று கேள். தெரியவில்லை என்றால் ஓர் இனப்பெருக்கக் காலம் முழுவதும் தனியே வைத்திருந்துவிட்டுத் தொடங்கு.

ஆறு பேருக்கும் கடிதம் எழுதினேன்: "சீட்டில் 100 என்பதை அடித்துவிடுங்கள், தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாது." நான்கு பேர் பதில் எழுதினார்கள். மூவர் பரவாயில்லை என்றார்கள். நான்காமவர், "பரவாயில்லை டீச்சர், அதை ஒரு பெல் அல்பினோவோடு சேர்த்து முட்டையும் வந்துவிட்டது, அல்பினோ பிறந்ததும் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.